உங்களுக்குத் தெரியுமா? கிலோமீட்டரால் கிழடாவதில்லை கார்!

48 லட்சம் கிலோமீட்டர்

அமெரிக்காவில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர் இர்வ் கார்டன். 1966-ல் சிவப்பு நிற வால்வோ பி1800 ஒன்றை வாங்கினார். 2013-ல் அந்த ஒரே கார் 30 லட்சம் மைலைத் தொட்டது. நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். பூமியை 120 முறை சுற்றிவரும் தூரம். 2018-ல் காலமாகும் வரை அந்தக் காரை அவர் கைவிடவில்லை. சுமார் 6.8 லட்சம் மைல் ஓடிய பிறகுதான் முதன்முதலாக இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தார்கள்.

அவர் பெரிய வித்தை எதையும் செய்துவிடவில்லை. கையேட்டில் சொன்னபடி சர்வீஸ், தவறாமல் ஆயில் மாற்றம், கோளாறைத் தள்ளிப்போடாத பழக்கம், அவ்வளவுதான். இன்னொன்றும் அவருக்குக் கைகொடுத்தது. பள்ளிக்குப் போய்வர தினமும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓட்டம். நன்றாகச் சூடேறி, ஒரே சீராக நீண்ட தூரம் ஓடும் இன்ஜின் குறைவாகவே தேயும். தெருமுனைக் கடைக்கும் டியூஷனுக்கும் மட்டும் போய்வரும் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதல் மாருதிக்கு என்ன ஆனது?

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-ன் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். 2010-ல் அவர் இறக்கும் வரை அந்தக் கார் அவரிடமே இருந்தது. அதன் பிறகு கவனிக்க ஆளில்லாமல் வெட்டவெளியில் நின்றது. வெயிலும் மழையும் பட்டு, துருவேறி, உருக்குலைந்தது. பின்னாளில் மாருதி நிறுவனமே அதை எடுத்துச் சீரமைத்துத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. ஏறத்தாழ 27 ஆண்டு உழைப்பு செய்யாத சேதத்தைச் சில ஆண்டு நிறுத்தம் செய்துவிட்டது. பழைய கார் வாங்கப்போகிறவர்கள் மீட்டரை மட்டும் பார்த்து மயங்குவது எனக்கு எப்போதும் கவலை தரும். பத்து வருடத்தில் 15,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காரைவிட, 80,000 கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கும் கார் எவ்வளவோ மேல்.

ஒரு லிட்டருக்கு ஒரு லிட்டர்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது புகையோடு வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் வண்டியை அணைத்துவிட்டால் சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து நீராகத் தேங்கும். கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியே இறங்கி ஆயிலோடும் கலக்கும். நிறைய சைலன்சர்கள் உள்ளிருந்தே இற்றுப்போவது இதனால்தான்.

குறைந்த தூரமே ஓடும் வண்டியென்றால், வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் ஹைவேயில் ஓட்டிவிட்டு வாருங்கள். போர்ட்டிகோவில் நின்றபடியே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது அதற்கு ஈடாகாது. அதில் இன்ஜினும் முழுதாகச் சூடேறாது, பாட்டரியும் போதுமான அளவு சார்ஜ் ஆகாது, டயரும் ஒரே இடத்தில் அமுங்கியபடியே இருக்கும்.

டிப்ஸ்டிக் சொல்லும் சேதி

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். மேலே ஏறியிருந்த ஆயிலெல்லாம் அடியில் உள்ள சம்ப்புக்கு வடியட்டும். பானெட்டைத் திறந்தால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பிடி போட்ட குச்சி தெரியும். உருவி, சுத்தமான பழைய பருத்தித் துணியால் துடைத்து, முழுக்க உள்ளே செருகி, மறுபடி உருவுங்கள். முதல் தடவை உருவியதை நம்பக் கூடாது. குழாய் நெடுக ஆயில் ஒட்டியிருக்கும். அளவு இரண்டு குறிகளுக்கு நடுவே, மேல் குறியை ஒட்டி இருப்பது நல்லது. அதைத் தாண்டவும் கூடாது. ஆயில் மிஞ்சினால் கிராங்க் ஷாஃப்ட் அதை அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் உலோகத்தைக் காப்பாற்றாது.

ஒரு சொட்டை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. ஏர் ஃபில்டரைச் சோதிக்க வேண்டும். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள். டீசல் வண்டியில் ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். கரியைப் பிடித்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும் சேர்மானம் அந்த ஆயிலிலேயே இருக்கிறது. மாற்றிய கொஞ்ச நாளில் கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

"10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது" என்று கையேட்டில் இருக்கும். பலர் அதில் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கும் வருடம் திரும்பினால் ஆயில் மாற்ற வேண்டும். ஓடாவிட்டாலும் ஆயில் ஈரத்தை வாங்கும், அதன் சேர்மானங்கள் வலுவிழக்கும்.

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று எழுதியிருக்கிறதே? முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண், நன்றாகச் சூடேறிய பிறகு அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி" என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். இன்றைய இன்ஜின்களின் இடுக்குகள் குறிப்பிட்ட கெட்டிக்கென்றே கடைந்தவை. கையேட்டில் என்ன எண்ணோ அதையே ஊற்றுங்கள்.

9,000 லிட்டர் காற்று

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் சுமார் 9,000 லிட்டர் காற்றை இன்ஜின் உறிஞ்சுகிறது. சாலை வேலை நடக்கும் பைபாஸில் அந்தக் காற்றில் எவ்வளவு மண் இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். அதையெல்லாம் தடுத்து நிறுத்துவது சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு காகித ஃபில்டர். கல்குவாரி, செங்கல்சூளை, மண்சாலைப் பக்கம் இருப்பவர்கள் கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே அதை மாற்ற வேண்டும். கம்ப்ரசர் காற்றை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். தட்டித் தூசி போக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

போர் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது

கூலன்ட் குறைந்தால் பக்கத்து வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். வாளியின் விளிம்பில் படியும் அதே வெள்ளைக் கறை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகும். ஒரு நாள் ட்ராஃபிக்கில் முள் சிவப்புக்குப் போகும், ஹெட் வளையும், கேஸ்கட் போகும். அந்த வேலைக்கு ஆகும் செலவில் எத்தனையோ வருடத்துக்கான கூலன்ட்டை வாங்கிவிடலாம்.

கூலன்ட் என்பது வெறும் கலர் தண்ணீர் அல்ல. பெரும்பாலும் எத்திலீன் கிளைக்காலும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி கலந்தது. துருவைத் தடுக்கும் ரசாயனங்களும் அதில் உண்டு. சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இந்தக் கலவை, ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தோடு சேர்ந்து, 125 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் தாங்கும். துருத்தடுப்பு ரசாயனம் சில ஆண்டுகளில் தீர்ந்துபோவதால்தான் அளவு குறையாவிட்டாலும் மாற்றச் சொல்கிறார்கள்.

பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களுக்குப் பொதுவான விதி கிடையாது. ஒரே நிறத்தில் இருவேறு வகைகள் இருக்கலாம். கலந்தால் கூழாகித் திரளவும் கூடும். அவசரத்துக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிக்கொண்டு வொர்க்‌ஷாப் வரை போகலாம். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தம் விடுபட்ட நொடியில் கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும். இது உயிர் விஷயம்.

பிரேக் ஆயிலின் தாகம்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் திரவம். புதிய டாட் 4 வகை குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் போதும், அந்தத் தாக்குப்பிடிப்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். தட்டையான சாலையில் இது தெரியாது. மலையிறங்கும்போது தெரியும்.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலேயிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவர்களின் வண்டியிலிருந்து கருகிய வாடை வருவதை அந்த வழியில் போனவர்கள் அறிவார்கள். டிஸ்க் பழுக்கும், சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும், ஆயிலில் கலந்த ஈரம் ஆவியாகிக் குமிழாகும். ஆவி அமுங்கும் தன்மையுள்ளது. மிதித்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியை வேகமெடுக்காமல் பிடித்து வைக்கும். பிரேக்கை வளைவுகளில் மட்டும் தொட்டால் போதும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் லோ கியரையோ மேனுவல் மோடையோ பயன்படுத்துங்கள். நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைப்பது வீண். கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய வண்டிகள் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்ற வேண்டும். சர்வீஸ் பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். பலருடைய பில்லில் ஒருமுறைகூட இருக்காது.

அறுந்தால் அதோடு முடிந்தது

இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வருவதற்குள் வால்வு விலகியாக வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பது சில வண்டிகளில் ஒரு செயின், சிலவற்றில் பற்கள் உள்ள ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட் அறுந்தால், பெரும்பாலான இன்றைய இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். ஓட்டத்தில் முன்னறிவிப்பே இருக்காது. உங்கள் வண்டியில் இருப்பது செயினா பெல்ட்டா என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடம் என்று கையேட்டில் இருக்கும். ரப்பர் வயதாலும் வெடிப்பதால் இங்கேயும் வருடக் கணக்கு முக்கியம். மாற்றும்போது டென்ஷனரையும், பெல்ட்டால் சுழல்வதாக இருந்தால் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். பிரித்துப் பூட்டும் கூலி ஒன்றுதான்.

டயரின் பிறந்த தேதி

டயரின் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளில் தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. புது டயர் என்று வாங்கும்போதும் இதைப் பார்க்க மறக்காதீர்கள். கடையில் வருடக்கணக்கில் கிடந்த சரக்காகவும் இருக்கலாம். பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் தெரியும். மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் பாக்கி. சட்டம் அதுவரை அனுமதிக்கிறது. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. எத்தனை பிரஷர் வைக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உண்டு. டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில், பார்க்க வேண்டும். ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

நைட்ரஜன் அடித்தால் தப்பில்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இருமுறை ஒழுங்காகப் பிரஷர் பார்ப்பதற்கு அது மாற்றாகாது.

யாழ்ப்பாணத்து ஏ40

1950-களில் இங்கிலாந்திலிருந்து வந்த ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் கார்களை யாழ்ப்பாணத்துச் சாலைகளில் அரை நூற்றாண்டு கடந்தும் ஓடவைத்தார்கள். போர்க்காலத்தில் வடக்குக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டரில் சில சொட்டு பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். இன்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய இன்ஜின் என்பதால் அது சாத்தியமானது. எரியாத மண்ணெண்ணெய் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும் என்பதால், அப்படி ஓடும் இன்ஜினை ஓயாமல் கவனித்தாக வேண்டும். உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில், கடைசலிலும் கைத்திறனிலும் அந்தக் கார்களை உயிரோடு வைத்திருந்த மெக்கானிக்குகளை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை.

2020-ல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கான வாசல் மறுபடி திறந்தது 2025-ல்தான். இடைப்பட்ட காலத்தில் அங்கே இருக்கிற வண்டியைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவதுதான் எல்லோருக்கும் வழியாக இருந்தது.

ஈர்க்குச்சியும் துருவும்

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அரித்துக்கொண்டிருந்தது உப்புக் காற்று. 2022 இறுதியில் அதில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதே காற்றுதான் பெசன்ட் நகரிலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் உங்கள் காரின் அடிவயிற்றில் படுகிறது.

கதவின் கீழ் விளிம்பைக் குனிந்து பாருங்கள். சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். கண்ணாடி இடுக்கு வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற கம்பெனியே வைத்தவை அவை. மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும். பெயின்ட் மேலே பளபளக்க, தகடு உள்ளே இற்றுக்கொண்டிருக்கும். தென்னை ஈர்க்குச்சி ஒன்று போதும். ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு மெதுவாகக் குடையுங்கள். ஈர மண் உதிர்ந்து, சில நேரம் தேங்கியிருந்த தண்ணீரும் சொட்டும். கம்பியால் குத்தாதீர்கள், பெயின்ட் பெயர்ந்தால் துரு அங்கேயே தொடங்கும். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பகுதியில் சேரும் சருகையும் அள்ளிவிட வேண்டும். அந்த வடிகால் அடைத்தால் தண்ணீர் காருக்குள் கால் வைக்கும் இடத்துக்கே வரும்.

கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றே அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் அடித்துவிடுங்கள்.

வாளித் தண்ணீர்க் கழுவல்

காலையில் ஒரே வாளி, ஒரே துணி, பத்து கார். முதல் காரில் துடைத்த மண்தான் பத்தாவது காரின் பெயின்ட்டைத் தேய்க்கிறது. வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் அங்கிருந்து வந்தவை. கழுவித் தருகிறவரைக் குறைசொல்ல வேண்டாம். இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளை நாமே வாங்கிக் கொடுத்து, முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கரைத்துவிட்டுப் பிறகு துடைக்கச் சொன்னால் அவர் செய்வார். பறவை எச்சத்தைக் காயவிடாதீர்கள். வெயிலில் அது பெயின்ட்டின் மேல்பூச்சை அரித்துத் தழும்பாக்கிவிடும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் அதன் மேல் போட்டுவைத்து, ஊறியதும் ஒற்றி எடுங்கள்.

தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நிறைய கார்கள் நீரில் மூழ்கின. மூழ்கியபின் "ஓடுதான்னு பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியது பல இன்ஜின்களின் கதையை முடித்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராட் வளையும், சில நேரம் இன்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. "இன்ஜின் ப்ரொடெக்ட்" என்ற கூடுதல் பாதுகாப்பு தனியாக எடுத்திருக்க வேண்டும். தாழ்வான பகுதியில் இருப்பவர்களுக்கு அந்தப் பணம் வீணல்ல.

செய்ய வேண்டியது எளிது. எட்ட முடிந்தால் பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். டோ செய்து கொண்டுபோங்கள். போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பட்ட அனுபவம் அது.

டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி. பெரும்பாலான டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற ஃபில்டர் சேர்ந்தது அதனால்தான். சேர்ந்த கரியை அது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் தானே எரித்துக்கொள்ளும். அந்த வெப்பம் ஊருக்குள் ஊர்ந்தால் வராது. நகருக்குள் மட்டும் தினம் ஐந்தாறு கிலோமீட்டர் போகிறவர் டீசல் கார் வாங்கவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. வாங்கிவிட்டீர்களென்றால், எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் கையேட்டில் சொன்னபடி ஹைவேயில் ஒரே சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். விளக்கு எரிந்தபடியே வாரக்கணக்கில் ஓட்டினால் ஃபில்டரையே மாற்ற வேண்டிவரும்; அதன் விலை ஆளை அசத்தும்.

சட்டென்று சில

டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். ஹைவேயில் விரட்டி ஓட்டி வந்து உடனே அணைக்காதீர்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவைக்க வேண்டாம். அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக நகர்ந்தபடியே சூடேறட்டும்.

டேங்க்கை எப்போதும் ரிசர்விலேயே வைத்திருப்பது தவறு. பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்க்குக்குள் இருக்கிறது. அதைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான்.

சிக்னலில் ஏற்றத்தில் நிற்கும்போது வண்டியை ஹாஃப் கிளட்ச்சில் தாங்காதீர்கள். ஹேண்ட்பிரேக் எதற்கு இருக்கிறது? கிளட்ச் பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர்களுக்கும் இதே சேதி.

மார்கழியிலும் வாரம் ஒருமுறை ஏ.சி. போடுங்கள். கேஸோடு ஓடும் ஆயில்தான் கம்ப்ரசரின் சீல்களைக் காயாமல் காக்கிறது.

பாட்டரிக்குக் குளிரைவிட வெயில் பெரிய எதிரி. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால், ஒயர்களைக் கழற்றிவிட்டு, சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

இ20 பெட்ரோல் எல்லா பங்க்கிலும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிறவர்கள் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்போ கசிவோ உண்டா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

புதுப்பேட்டையில் எதை வாங்கலாம்?

சென்னை எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையில் பழைய வண்டியின் எந்தப் பாகமும் கிடைக்கும் என்பார்கள். கதவு, டிக்கி மூடி, ஹெட்லைட், சீட், டாஷ்போர்டுத் துண்டு போன்றவற்றை அங்கே வாங்கலாம். நின்றுபோன மாடல்களை ஓடவைப்பதே அந்தத் தெருக்கள்தான். பிரேக் பேட், டைமிங் பெல்ட், ஃபில்டர், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்கவே கூடாது. பெட்டி மட்டும் புதிதாக இருக்கும் போலிச் சரக்கும் இந்தப் பட்டியலில் சேரும்.

நம் நாட்டில் தனியார் காரின் ஆர்.சி. 15 ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். இன்று வாங்கும் ஒரு நல்ல கார் அந்த எல்லையைத் தாண்டியும் உழைக்கும். நடுத்தரக் குடும்பத்துக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு கார்தான். ஏழே வருடத்தில் அது ஓய்ந்துபோக விடுவது நமக்குக் கட்டுப்படியாகாது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம்

ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து எடுக்கிறோம். அந்த நாள் வருவது வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால். வருடாந்தரப் பரிசோதனைக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. இந்த வருடம் பூஜைக்கு முந்தின வாரமே கையேட்டை எடுத்து, பராமரிப்பு அட்டவணையில் "கடுமையான பயன்பாடு" என்ற பகுதியைப் பாருங்கள். தூசி, வெயில், நின்று நின்று போகும் ட்ராஃபிக், குறைந்த தூர ஓட்டம் எல்லாம் அதில்தான் வரும். நம் கார்கள் பெரும்பாலும் அந்த வகைதான். வைப்பர் பிளேடு, டயர், பிரேக் ஆயில், கூலன்ட், பாட்டரி ஆகிய ஐந்தையும் மெக்கானிக்கிடம் காட்டி, கடைசியாக மாற்றிய தேதிகளை ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டு டிராயரில் வையுங்கள். தேதி தெரியாத எதையும் மாற்றிவிடுங்கள்.